இடுப்பைத் திருப்பக்கூடாது

பொங்கலன்று காலை அன்புராசாவின் முதல் உதை முன்கதவுக்கு விழுந்தது. இரவிரவாகக் கொட்டிய பனி வெளிக்கதவை முழங்காலுக்கு மேல் அடைத்துக்கொண்டு நின்றது. தள்ளினான், அசையவில்லை. உதைத்தான். மூன்றாவது உதையில் கதவின் அடிக்கண்ணாடி விரிசல் விட்டு, ஆள் நுழைகிற அளவுக்குக் கதவு திறந்தது. குசினியில் பொங்கல் பானையைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி அருள்மலர் திரும்பிப் பார்க்கவில்லை. கதவுக்கு விழுகிற உதை தனக்கு விழாத உதை என்று நினைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தை மாதம் ரொறன்ரோவில் இருந்தவர்களுக்கு அந்தப் பனியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இரண்டு கிழமையாக வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. பஸ் நின்றது, பள்ளிக்கூடம் பூட்டியது, கடைசியில் பனி அள்ளுவதற்கு நகரசபை ஆமியைக் கூப்பிட்டது. ஆமிக்குப் பயந்து ஓடி வந்து வெக்ஸ்போர்ட்டில் குடியிருந்த எங்கள் சனம், ஆமி பனி அள்ளுகிற சவலோடு இறங்குவதை ரீவியில் பார்த்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தது.

அப்படிப்பட்ட தையில்தான் அன்புராசாவுக்கு வாசலில் பொங்க வேண்டும் என்ற ஆசை பிடித்தது. ஆசை என்பது மரியாதைக்குச் சொல்வது. அது வீம்பு. மார்கழியில் நடந்த ஊர்ச்சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தான்.

“குசினிக்குள்ளை கறண்ட் அடுப்பிலை வைச்சு இறக்கிறது ஒரு பொங்கலோ? இந்த முறை என்ரை வீட்டு வாசலிலை, நிலத்திலை கோலம் போட்டு, மூண்டு கல்லு வைச்சு, சூரியனைப் பாத்துப் பொங்கிறன். எல்லாரும் குடும்பத்தோடை வாங்கோ.”

ஏழு குடும்பங்கள் ஓம் என்றன. கல்லும் வாங்கினான், விறகும் வாங்கினான். இப்போது அந்த ஏழு குடும்பங்களின் கார்களும் எந்தப் பனிக்குள் கிடக்கின்றனவோ தெரியாது. ஒருவரும் வரப்போவதில்லை என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் வரமாட்டோம் என்று ஒருவரும் ரெலிபோன் எடுக்கவில்லை; வரவேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆகவே சவலைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

இப்படி அவன் யாரோ ஒருவருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க நினைக்கிற நாட்களில்தான் அருள்மலருக்கு அடி விழும். பதினைந்து வருடமாக விழுகிறது. அதை அவள் மழை வெயில் மாதிரித் தாங்கிக்கொண்டாள் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு அடிக்கும் அவளுக்கு உடம்பு கொதித்தது, அவன் செத்துப்போகட்டும் என்று நினைத்தாள், நினைத்ததற்காகப் பிள்ளையாருக்கு நேர்ந்தாள். ஆனாலும் போகவில்லை. அவள் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் லக்சிகாவின் மேல் அவன் கை படவில்லை. அது படாத வரைக்கும் இது ஒரு வீடு, பட்டால் வீடு முடிந்தது என்று தனக்குள்ளேயே ஒரு கோடு கீறி வைத்திருந்தாள். லக்சிகாவுக்குப் பதினாலு வயது ஆகிவிட்டது. வாய் காட்டத் தொடங்கிவிட்டாள். போன மாதம் மட்டும் இரண்டு தடவை அவன் கை பிள்ளைக்கு நேரே உயர்ந்து, எப்படியோ கீழே இறங்கியது. இன்றைக்கும் இறங்கும் என்று சொல்ல முடியாது.

“நீ மேலை போய் இரு. அப்பா பனி வழிச்சு முடியுமட்டும் கீழை வராதை” என்று மகளை அனுப்பிவிட்டு யன்னலால் பார்த்தாள்.

பார்த்ததும் பகீரென்றது. அவன் சவலை மண்வெட்டி பிடிக்கிற மாதிரிப் பிடித்திருந்தான். கால்களை மரம் மாதிரி ஊன்றிக்கொண்டு, முழங்காலை மடிக்காமல் இடுப்பால் முறிந்து குனிந்து, சவல் கொள்ளாத அளவுக்கு அள்ளி, அப்படியே இடுப்பை ஒரு திருப்புத் திருப்பித் தோளுக்கு மேலால் பின்பக்கம் வீசினான். வெங்காயத் தோட்டத் தறை கொத்திய கை அது. ஊரில், உரும்பிராயில், மண்வெட்டியை வீசி இழுத்து, மண்ணை வரம்புக்கு எறிந்து பழகிய உடம்பு, எதைக் கையில் கொடுத்தாலும் அப்படித்தான் வீசும். அங்கே அவனுக்கு வயது இருபது, மண் செம்மண், மேலில் வெயில். இங்கே வயது நாற்பத்தாறு. வேலை பிளாஸ்ரிக் கொம்பனியில், நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிற வேலை. படுக்கையால் எழும்பி ஒரு வாய் தண்ணீரும் குடிக்காமல், இறுகிய உடம்போடு நேரே பனிக்குள் இறங்கியிருந்தான்.

பனி வழிப்பதில் இவளுக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். நன்றாகத் தெரியும். அது தெரிந்த கதை கேவலமான கதை. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மாசியில் அவன் அவளுடைய நாரியில், முதுகின் அடியில், சப்பாத்துக் காலால் உதைத்தான். எழும்ப முடியவில்லை. டொக்ரர் எப்படி நடந்தது என்று கேட்டபோது, அவன் பக்கத்தில் நின்றதால், “ஸ்னோ வழிக்கேக்கை பிடிச்சிட்டுது” என்றாள். டொக்ரர் பிசியோவுக்கு அனுப்பினார். பிசியோ செய்த பெண் பாவம், சொன்னதை நம்பி, ஆறு கிழமையாக அவளுக்குப் பனி வழிக்கப் படிப்பித்தாள். கூட்டுகிற தும்புத்தடியைச் சவலாகப் பிடிக்க வைத்து, முழங்காலை மடி, முதுகை நேராக வை, ஒரு கையைத் தகட்டுக்குக் கிட்டப் பிடி, அரைச் சவல் மட்டும் அள்ளு, தூக்குவதை விடத் தள்ளு, எறிய வேண்டுமென்றால் இடுப்பைத் திருப்பாதே, காலை எடுத்து வைத்து உடம்போடு திரும்பு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நில் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். அவன் உதைத்த உதைக்கு அருள்மலர் படித்த பாடம் அது.

வேலையிலும் அதே பாடந்தான். அவள் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர் கிழவிகளைக் கட்டிலால் தூக்கி இருத்துகிறவள். நாரி போனால் வேலை போய்விடும். ஆகவே எவருடைய இடுப்பு எப்படித் திரும்பினாலும் அவள் கண் அங்கேதான் போகும்.

அவளுக்கு அவன் மேல் இரக்கம் வந்ததென்று நினைக்கவேண்டாம். அவன் உடம்பில் நோ வந்தால் அது பின்னேரத்துக்குள் இந்த வீட்டில் இன்னொரு உடம்புக்கு மாறும். பல்லு நொந்தபோதும் அப்படித்தான், கொம்பனியில் போர்மன் ஏசியபோதும் அப்படித்தான். அந்தப் பயத்தில் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வெளியே போனாள்.

“இஞ்சருங்கோ, கொஞ்சம் நிண்டு குடிச்சிட்டுச் செய்யுங்கோ.”

வாங்கி ஒரு மிடறு குடித்தான். மூச்சு வாங்கியது. தாடியில் பனி ஒட்டியிருந்தது. நல்ல நேரம் என்று அவள் நினைத்தது பிழை.

“முழங்காலை மடிச்சு அள்ளுங்கோ. இடுப்பைத் திருப்பி எறியாதேங்கோ, நாரி பிடிச்சிடும். தள்ளிக்கொண்டு போனாலே காணும்...”

தேத்தண்ணி அவள் கையில் கொட்டியது. கொட்டியதா? இல்லை, அவன் ஊற்றினான். சூடு தோலில் ஏறி அவள் கையை உதறுவதற்கு முதல் கோப்பை சுவரில் போய் உடைந்தது.

“நாலு பரப்புத் தறையைத் தனியக் கொத்தினவன் நான். எனக்குக் குனியப் படிப்பிக்கிறியோ? கிழடுகளுக்கு மூத்திரத் துணி மாத்திறவள் எனக்கு வந்து படிப்பிக்கிறாள். போடி உள்ளை!”

பக்கத்து வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்த கஸ்பர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்ட வீடு அது. கஸ்பரும் மனைவி றீற்றாவும் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். ஆறு வருடமாக அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்து, இந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் கேட்டவர்கள். பார்த்தார், பிறகு தன் பனியைப் பார்த்தார். அருள்மலர் எரிந்த கையைப் பனிக்குள் புதைத்துக்கொண்டு படியில் குந்தினாள். அவர் மீது அவளுக்குக் கோபம் வந்தது. அவன் மீது வராத அளவுக்கு அவர் மீது வந்தது.

இரண்டு மணித்தியாலம் அவன் நிற்கவில்லை. பாராட்டத்தான் வேண்டும், மனிதன் நிலத்தைக் கண்டுவிட்டான். காருக்குப் பக்கத்தில் பாய் விரிக்கிற அளவுக்குத் தார் தெரிந்தது. அங்கிருந்து வீதிவரை ஒரு பாதையும் வெட்டினான். கல்லைக் கொண்டுவந்து மூன்று மூலைக்கும் வைத்துவிட்டு, நாரியில் கையை ஊன்றி ஒரு தரம் பின்னால் வளைந்தான். முகம் சுளித்தது. அருள்மலருக்குத் தெரிந்தது, பிடிக்கத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் நகரசபையின் பனி தள்ளுகிற லொறி வந்தது.

பனி நாடுகளில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு அந்த லொறியின் குணம் தெரியும். வீதியைத் துப்புரவாக்கிக்கொண்டு போகும்; வீதியில் கிடந்த முழுவதையும் வழித்து முடித்த வாசல்களின் வாயில் கொட்டிவிட்டுப் போகும். அது புதுப் பனியும் அல்ல. உப்பும் சேறும் ஐஸ் கட்டியும் கலந்து இறுகிய, கல்லு மாதிரிப் பாரம். லொறி போனபின் அன்புராசாவின் பாதைக்கு வாயில்லை. இடுப்பளவில் ஒரு மதில் நின்றது.

அவன் கத்திய கத்து வீதி முழுக்கக் கேட்டிருக்கும். லொறிக்குப் பின்னால் ஓடினான், ஐஸ்கட்டி ஒன்றை எடுத்து எறிந்தான், அது லொறியில் படவில்லை. வழுக்கி ஒரு முழங்காலில் விழுந்து எழும்பினான். லொறிச் சாரதி திரும்பியும் பார்க்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் போனது.

“தம்பி, விடும்” என்றார் கஸ்பர். “என்ரை மருமோன் மத்தியானம் மெஷின் கொண்டு வாறான். இதை அவன் பத்து நிமிசத்திலை அடிச்சுத் தள்ளிப்போடுவான்.”

“உம்மடை மெஷினை உம்மடை வாசலிலை வைச்சுக்கொள்ளும்!”

“இஞ்சருங்கோ, கஸ்பர் அண்ணை நல்லதுக்குத்தானே...” என்றபடி படியால் இறங்கி வந்தாள் அருள்மலர்.

அவள் முடிக்கவில்லை. சவல் வந்தது. தகட்டின் தட்டைப் பக்கம் தொடையில் பட்டது, கால் மரத்துப் போய் அவள் பக்கவாட்டில் சரிந்தாள். இரண்டாவது அடி தோளில். மூன்றாவதைக் கையால் தடுத்தாள், எரிந்த கையாலேயே. அவன் அடித்துக்கொண்டு பேசவில்லை. அவன் பேசாமல் அடிக்கிற நாட்கள்தான் கெட்ட நாட்கள். பனி வாய்க்குள் போனது, மூக்குக்குள் போனது. கஸ்பர் தன் பக்கத்திலிருந்து கத்திக்கொண்டு பாய்ந்தார். இரண்டு வாசலுக்கும் இடையில் குவிந்திருந்த பனிக்குள் இடுப்புவரை புதைந்து, வரவும் முடியாமல் போகவும் முடியாமல் கையை வீசிக்கொண்டு நின்றார். அவர் வீட்டு மேல் யன்னலில் றீற்றா ரெலிபோனைக் காதில் வைத்தபடி நிற்பது தெரிந்தது.

“ஸ்ரொப் இற்! அப்பா, ஸ்ரொப்!”

வீட்டுச் செருப்போடு லக்சிகா ஓடி வந்தாள். வந்து சவல் பிடியில் தொங்கினாள். அவன் உதறினான், அவள் விடவில்லை. “டோன்ற் ரச் ஹேர்! அவவைத் தொடாதேங்கோ!” என்று அவன் முகத்துக்கு நேரே கத்தினாள். அவன் சவலை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினான்.

இறங்கும், இறங்கும் என்று அருள்மலர் கிடந்தபடி மனதுக்குள் சொன்னாள். இறங்கவில்லை. புறங்கை பிள்ளையின் கன்னத்தில் அறைந்தது. லக்சிகா சுழன்று போய்க் காரின் பக்கக் கண்ணாடியில் வாயை அடித்து, மூன்று கல்லுக்கும் நடுவில் குப்புற விழுந்தாள். நிமிர்ந்தபோது கீழுதடு பிளந்து நாடியால் இரத்தம் வழிந்தது. அவன் சிரமப்பட்டு வழித்த அந்தத் துப்புரவான தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

அவன் இரத்தத்தைப் பார்த்தான். பிறகு, “சனம் வரப்போகுது. போய் முகத்தைக் கழுவுங்கோ ரெண்டு பேரும்” என்றான். சொல்லிவிட்டுச் சவலை எடுத்துக்கொண்டு அந்த மதிலை நோக்கிப் போனான்.

அருள்மலர் நாலு காலில் ஊர்ந்து போய் மகளை அணைத்தாள். பனியை அள்ளி உதட்டில் வைத்தாள். கோடு தாண்டியாகிவிட்டது. அன்றைக்குப் பத்திரகாளியாகிவிடுவேன் என்று எத்தனை இரவு நினைத்திருப்பாள்! இப்போது ஒன்றும் செய்ய வரவில்லை. வெட்கமாக இருந்தது. தன்னை நினைக்க அருவருப்பாக இருந்தது. மகளின் தலைக்கு மேலால் அவனைப் பார்த்தாள்.

அவன் கோபத்தில் அள்ளினான். கட்டியைக் குத்திப் பெயர்த்து, ஒரு சவலில் அரை மூட்டைப் பாரம் ஏற்றி, கால் அசையாமல், இடுப்பைத் திருப்பி வீசினான். கால் விரல் ஒரு பக்கம், மூக்கு மறு பக்கம். ஒவ்வொரு வீச்சிலும் ஒரு முனகல். முதுகு வலது பக்கம் கோணத் தொடங்கியிருந்தது. இனி அதிகம் இல்லை. நில்லுங்கோ என்று ஒரு சொல் சொன்னால் போதும். கேட்கமாட்டான், ஆனாலும் சொல்லியிருப்பாள், நேற்றுவரை சொல்லியிருப்பாள்.

அவள் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். பிடிக்கட்டும் என்று நினைத்தாள். இந்தத் தடவை பிள்ளையாருக்கு நேரவில்லை.

ஆறாவது வீச்சிலோ ஏழாவதிலோ சவல் மதிலுக்குள் இறுகிவிட்டது. அவன் அதை வெறியோடு பிடுங்கினான். பாரம் சட்டென்று கழன்று வர, அதே வேகத்தில் திரும்பினான். உடம்பின் மேல்பாதி திரும்பியது, கீழ்ப்பாதி திரும்பவில்லை. சவல் கையால் போனது. அவன் வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. பிறகு முழங்கால் மடிந்தது, அந்தக் காலை முழுவதிலும் முதல் தடவையாக மடிந்தது. பக்கவாட்டில் விழுந்து அப்படியே கிடந்தான்.

சத்தம் பிறகுதான் வந்தது. மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம்.

“எடியே! தூக்கடி! என்னைத் தூக்கு!”

“லீவ் ஹிம், அம்மா” என்றாள் லக்சிகா. உதடு வீங்கிச் சொற்கள் குழறின. “பிளீஸ். விடுங்கோ.”

விட்டிருக்கலாம். ஆனால் பதினைந்து வருடம் ‘எடியே’ என்ற சத்தத்துக்கு எழும்பிய கால்கள், அவளைக் கேட்காமலே எழும்பின. நொண்டிக்கொண்டு போனாள். அவனுக்குக் கிட்டக் குந்தினாள், ஒரு காலை முன்னுக்கு வைத்தாள், முதுகை நேராக்கினாள், கைகளை அவன் விலாவுக்குக் கீழால் கொடுத்தாள். வேலையில் ஒரு நாளைக்கு இருபது தரம் செய்கிற வேலை. அங்கே சொல்லிக் கொடுத்த முதல் விதி ஒன்று உண்டு. தூக்குகிறபோது நோயாளி உன் கழுத்தைப் பிடிக்க விடாதே. ஆறு வயதுப் பிள்ளை மாதிரி எவ்வளவு மெலிந்த கிழவி என்றாலும் விடாதே. அவன் கையை அவள் கழுத்தில் போட்டான். புருசன்தானே என்று அவள் விட்டாள்.

பாதி உயரம் வந்திருப்பார்கள். அவன் வாய் அவள் காதோடு இருந்தது.

“உன்ரை வாய்தானடி. உன்ரை கரிநாக்குத்தான் என்னை விழுத்தினது.”

கழுத்தில் கிடந்த கை பின்னலுக்குப் போனது. ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக் கீழே இழுத்தான். தலை பின்னால் போய்க் கழுத்து நரம்பு இழுபட்டு அவளுக்குக் கண் இருண்டது. நிற்க மாட்டாதவன், அவள் கைகளில் தொங்குகிறவன், அப்போதும் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறான்!

அருள்மலர் இரண்டு கைகளையும் விட்டாள்.

தாரில் நாரி பட விழுந்தான். அந்த அலறலைக் கேட்டு எதிர் வீட்டுக் கதவுகள் திறந்தன. அவன் கையோடு ஒரு பிடி மயிர் போயிருந்தது, தலை எரிந்தது. அவளுக்கு வந்தது சந்தோஷம். வேறு பெயர் அதற்கு இல்லை. அது வந்த வேகத்தைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது, ஆனாலும் சந்தோஷந்தான்.

“அருள்மலர், இனித் தொடாதையும்!” என்று றீற்றா மேலிருந்து கத்தினாள். “ரெலிபோனிலை சொல்லினம், அசைக்க வேண்டாமாம், போர்வையாலை மூடட்டாம். அம்புலன்சும் பொலிசும் வருது. நான் முதலே போன் எடுத்துச் சொல்லிப்போட்டன், அவர் உம்மை அடிக்கேக்கையே!”

அன்புராசாவுக்கு அதில் பாதி கேட்டிருக்காது. நோவில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். கஸ்பர் ஒரு மாதிரிப் பனிக்குள்ளால் கிழித்துக்கொண்டு வந்து சேர்ந்து, கம்பளிப் போர்வை இரண்டை அவன் மேல் போட்டார். “ஆறு வருசம்” என்று அருள்மலரைப் பார்த்துச் சொன்னார். குனிந்து போர்வையின் ஓரங்களை இழுத்துவிட்டார்.

நாற்பது நிமிடமானது. லொறி வீதி முனையில் குவித்துவிட்டுப் போன பனியில் அம்புலன்ஸ் மாட்டி நின்றுவிட, இரண்டு பேர் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். அவர்களோடு உயரமான பொலிஸ்காரி ஒருத்தி வந்தாள். வந்ததும் லக்சிகாவின் வாயைப் பார்த்தாள், கல்லுகளுக்கு நடுவில் கிடந்த இரத்தத்தைப் பார்த்தாள், அருள்மலரின் கையைப் பார்த்தாள். ஒரு சின்னக் கொப்பியை எடுத்துக்கொண்டு அன்புராசாவுக்குப் பக்கத்தில் குந்தி, என்ன நடந்தது என்று கேட்டாள்.

பத்து வருடம் இந்த நாட்டில் இருந்தும் அவனுடைய ஆங்கிலம் கொம்பனி வாசலைத் தாண்டவில்லை. எங்கள் வீடுகளில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வங்கியா, ஆஸ்பத்திரியா, வக்கீலா, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தித் தமிழில் சொன்னால் போதும். பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லும். அன்புராசா அந்தப் பழக்கத்தில் மகளைக் கண்ணால் கூப்பிட்டான். தகப்பனின் நோவைச் சொல்லப்போகிற பிள்ளை என்று பொலிஸ்காரியும் நகர்ந்து இடம் விட்டாள்.

அவன் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தி, முனகி முனகி, ஏதோ எங்கே நோகிறது என்று சொல்கிறவன் போலவே சொன்னான்.

“வழுக்கி விழுந்ததெண்டு சொல்லு. நீயும் வழுக்கித்தான் விழுந்தனி. கொம்மாவை அடிச்சதெண்டு ஒரு சொல்லு வெளியிலை வந்துதோ, நான் எழும்பி வந்து ரெண்டு பேரையும் வெட்டித் தாப்பன். விளங்குதோ?”

சொல்லிவிட்டுப் பொலிஸ்காரியைப் பார்த்து, நோயாளி சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தான்.

லக்சிகா நிமிர்ந்தாள். உதட்டில் இருந்த பனியைத் துப்பினாள். பள்ளிக்கூடத்தில் எழும்பி நின்று வாசிக்கிற பிள்ளை மாதிரி நிதானமாக, தகப்பன் சொன்னதை ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னாள். வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொல்கிறார். நானும் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொல்கிறார். அம்மாவை அடித்ததைச் சொன்னால் எங்கள் இரண்டு பேரையும் வெட்டிப் புதைப்பாராம். விளங்குகிறதா என்று கேட்கிறார்.

‘கில்’ என்ற சொல் அவனுக்கு விளங்கியது. சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

“என்னடி சொன்னனி? எடியே, என்னடி சொன்னனி அவளுக்கு? நீ எனக்குப் பிறக்கேல்லையடி!”

“ஹி சேஸ் ஐ ஆம் நொற் ஹிஸ் டோற்றர்” என்றாள் லக்சிகா. பிறகு கொப்பியைக் காட்டி, “ரைற் தற் டவுன் ரூ”, அதையும் எழுது, என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அம்புலன்ஸ்காரர்கள் அவனைப் பலகையில் வைத்துக் கட்டினார்கள். அவன் தலை கட்டப்பட்டு வானத்தைப் பார்த்தபடி தாய் பெயரையும் மகள் பெயரையும் தூசணத்தோடு சேர்த்துக் கத்திக்கொண்டே போனான். வீதி முனைவரைக்கும் சத்தம் கேட்டது.

பொலிஸ்காரி அருள்மலருக்கு முன்னால் வந்து நின்றாள். இது உண்மையா என்று கேட்டாள். மகளைக் காட்டி, வேண்டுமென்றால் அவள் மொழிபெயர்க்கட்டும் என்றாள்.

அருள்மலர் மகளைப் பார்த்தாள். உதடு கிழிந்த பிள்ளை. இன்றைக்கு அது போதுமான அளவு பேசிவிட்டது.

“நோ. ஐ ரெல்” என்றாள்.

இல்லத்துக் கிழவிகளோடு பேசிப் பழகிய ஆங்கிலம்தான். இறந்தகாலமும் எதிர்காலமும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஆனால் சொல்லத் தொடங்கினாள். பனிச் சவலிலிருந்து தொடங்கவில்லை, நாரியில் விழுந்த உதையிலிருந்தும் தொடங்கவில்லை. கலியாணம் முடிந்த மூன்றாம் நாள், சோற்றில் ஒரு கல் கடிபட்டதற்கு விழுந்த அறையிலிருந்து தொடங்கினாள். றீற்றா வந்து தோளில் ஒரு கோட்டைப் போட்டாள். கஸ்பர் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குளிருக்கு உள்ளே போகலாமா என்று பொலிஸ்காரி கேட்டாள். அருள்மலருக்கு அது காதில் விழவில்லை.

பொலிஸ்காரி கொப்பியில் மூன்றாவது பக்கத்தைத் திருப்பினாள். அருள்மலர் இன்னும் முதல் வருடத்தையே சொல்லி முடிக்கவில்லை.